கருணாம்பாளின் வலது கை

எட்டு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த காலத்தில், லேத்துச் சத்தம் நின்றால்தான் ஜனங்கள் திடுக்கிட்டுத் தலை தூக்கிப் பார்க்கிற எங்கள் ஆவாரம்பாளையம் பட்டறை வீதியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஆறுச்சாமியின் சின்ன வெங்காயத் தள்ளுவண்டியிலிருந்து மூன்றாவது அடியில், என் பெண்சாதி கருணாம்பாளின் வலது கை மணிக்கட்டோடு கழன்று என் கையில் வந்துவிட்டது.

அது எதற்கு மூன்றாவது அடி என்று பேரம் பேசத் தெரியாதவர்கள் கேட்பார்கள். வாயால் பேசுவது பாதிப் பேரம், மீதிப் பாதியைக் காலால்தான் பேச வேண்டும். விலை படியவில்லையென்றால் எடுத்த சாமானைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நாலடி நடக்க வேண்டும். மூன்றாவது அடியில் கூப்பிடுகிறவன் இளகின மனசுக்காரன், நாலாவது அடி வரைக்கும் பொறுக்கிறவன் கெட்டிக்காரன், நாம் ஐந்தாவது அடி வைக்க வேண்டி வந்தால் தோற்றது நாம்தான். இதையெல்லாம் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. குக்கர் கேஸ்கட்டுகளைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு சந்தை சந்தையாகக் கூவி விற்ற காலத்தில் ஏமாந்து ஏமாந்து நானாகக் கற்றுக்கொண்டது. ஆனால் கருணாம்பாளுக்கு நடக்கத் தெரியாது. நான் நடந்தால் அவள் வண்டியோரமே நின்று, "பாவமுங்க, வெயில்ல தள்ளிட்டு வந்திருக்காரு, கேட்டதைக் குடுத்துருங்க" என்பாள். பெண்சாதி வண்டியோரம் நிற்கையில் புருசன் நாற்பது அடி நடந்தாலும் எந்த வியாபாரியும் கூப்பிட மாட்டான். அதனால்தான் அன்றைக்கு அவள் மணிக்கட்டைப் பிடித்து, "வா புள்ளே" என்று இழுத்துக்கொண்டு நடந்தேன். கொஞ்சம் ஓங்கித்தான் இழுத்தேன். இல்லையென்று சொல்லவில்லை.

"ஏனுங்க, வாங்க, அம்பதுக்கே எடுத்துக்குங்க" என்று ஆறுச்சாமி கூப்பிட்டான். ஜெயித்த முகத்தோடு திரும்பினேன். கருணாம்பாள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுடைய ஆறு கண்ணாடி வளையலும் வெங்காயத்தின் மேல் உதிர்ந்து கிடந்தன.

ஆறுச்சாமி என் கையையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். "கையை மட்டும் கொண்டு போறீங்களே, அம்மாவை யாருங்க கூட்டிட்டுப் போறது?" என்றான்.

ரத்தம் இல்லை. கழன்ற இடம் இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று, வழவழவென்று, பிளேடால் அறுத்த புதுக் குக்கர் கேஸ்கட்டைப் போல இருந்தது. அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி வந்தது. என் பிடிக்குள் இருந்த கை சூடாகவே இருந்தது, சுண்டுவிரல் என் உள்ளங்கையில் எதையோ தேடுவதுபோல அசைந்தது. கருணாம்பாள் தன் மொட்டைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு இடது கையால் வளையல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"வெங்காயம் ரெண்டு கிலோ போடச் சொல்லுங்க."

வீதிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. லேத்துப் பட்டறை ரங்குசாமி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, "இருபத்திரண்டு வருசமா காலையில இருந்து பொழுதாகற வரைக்கும் சிலிகான் கேஸ்கட்டுக்குப் பிசிறு வெட்டற அம்முணி, கை சிலிகானா மாறாம வேற என்னவா மாறும்? உப்பு மூட்டை தூக்கறவன் முதுகை நக்கிப் பாரு, கரிக்கும்" என்றான். மாவுக்கடை துளசிமணி, "அதுக்குன்னு இப்படியா இழுப்பாங்க?" என்று என்னைப் பார்க்காமல் என்னைக் கேட்டாள். கூட்டம் மெதுவாக அவரவர் வேலைக்குக் கலைந்தது. அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருந்த டாக்டர் ஊசி போட்டுத் தைத்துப் பார்த்தார். தைத்த ஓட்டையிலிருந்தே ரப்பர் கிழிந்துகொண்டு போனது. நூலை வெட்டிப் போட்டுவிட்டு, "இது சதை வேலை இல்லீங்க, ஒட்டற வேலை. என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன். "அப்ப உங்க வேலைதான்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

என் தொழில் பசையும் கேஸ்கட்டும் விற்பது. மரத்துக்கு, தோலுக்கு, கல்லுக்கு, இரும்புக்கு, செருப்புக்கு, காருக்கு என்று நாற்பத்திரண்டு விதமான பசை என் கடையில் உண்டு. 'இழுத்துப் பார்த்து வாங்குங்க' என்று கடைப் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறேன். வருகிறவன் கண் முன்னாலேயே இரண்டு துண்டை ஒட்டி, அவன் கையிலேயே கொடுத்து இழுக்கச் சொல்வேன். அவன் பல்லைக் கடித்து இழுத்துத் தோற்ற பிறகுதான் விலையே சொல்வேன். எனவே அன்றைக்கு மத்தியானம் கருணாம்பாளைக் கடை முன்னால் ஸ்டூலில் உட்கார வைத்தபோது எனக்குப் பயமே இல்லை. சாயங்காலத்துக்குள் ஒட்டிவிடும், ஒட்டின பிறகு அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஒரு சொட்டுப் பசை போட்டேன், இழுத்தேன், வந்துவிட்டது. பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் தடவினேன், இழுத்தேன், வந்துவிட்டது. இரண்டு குழாயில் வருகிற கலவைப் பசையைக் குழைத்து அப்பி, கல்லாக இறுகும் வரைக்கும் காத்திருந்து, இழுத்தேன். அந்தக் கல் ஒரு வளையல்போல முழுசாகக் கழன்று தரையில் உருண்டு ஓடியது. தச்சர் பசை, செருப்புப் பசை, கண்ணாடிப் பசை என்று எதைத் தடவினாலும் காய்ந்ததும் பாம்புச் சட்டைபோல ஒரு பொருக்குக் கூட மிச்சமில்லாமல் உரிந்து வந்தது. வீதியும் தன் பங்குக்குத் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொண்டுவந்தது. ஒருத்தி மைதாப் பசை காய்ச்சிக்கொண்டு வந்தாள், ஒருத்தன் கருவேலம் பிசின் உருக்கினான், இன்னொருத்தன் பலாப்பழத்துப் பாலும் முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் கலந்தால் அந்தக் காலத்துக் கோட்டையே நிற்கும் என்றான். நின்ற கோட்டைகள் நின்றிருக்கும். கருணாம்பாளின் கை நிற்கவில்லை.

கம்பெனிக்காரர்களுக்கு ஒவ்வொருத்தனாகப் போன் போட்டு, போன் சுடும் வரைக்கும் கத்தினேன். "பத்து வருசமா உன் சரக்கை விக்கறேன், ஒரு கை ஒட்டத் துப்பில்லை, எதுக்குடா டப்பா மேல யானை படம்?" என்று கேட்டேன். அதில் ஒருத்தன் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அண்ணா, எதுவும் ஒட்டக்கூடாதுன்னுதானே சிலிகானே செய்யறாங்க. நீங்க விக்கும்போது என்ன சொல்லி விப்பீங்க?"

நான் போனை வைத்துவிட்டேன். ஏனென்றால் நான் விற்கும்போது சொன்னது எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக, தொண்டை கிழிய, "சூடு ஒட்டாது, எண்ணெய் ஒட்டாது, ஒரு சோத்துப் பருக்கை ஒட்டாது, எதுவும் ஒட்டாத சரக்கு தாயே" என்று கூவியவன் நான்தான்.

இதற்கிடையில் கை சும்மா இருக்கவில்லை. முதல் நாள் ஒரு எவர்சில்வர் தட்டில் ஈரத்துணி விரித்து அதன்மேல் வைத்திருந்தோம். விடிந்து பார்த்தால் தட்டு காலி. கடையின் பின்கட்டில், கருணாம்பாள் வழக்கமாக உட்காருகிற பலகைமேல், ஆட்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் பிளேடைப் பிடித்துக்கொண்டு கை தானாகக் கேஸ்கட்டுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தது. முந்நூறு கேஸ்கட் முடித்திருந்தது. முடித்தவற்றை அவள் அடுக்குகிற மாதிரியே பத்துப் பத்தாக அடுக்கியிருந்தது. துளசிமணிக்கு இது தெரிந்ததும், "அன்னைக்கு ஒரு நாள் கருணாக்கா வந்து என் மாவைக் கரைச்சுக் குடுத்துச்சு, அன்னைக்கு மாவு பொங்கின மாதிரி என்னைக்கும் பொங்கலே. கையை மட்டும் ஒரு மணி நேரம் குடுக்கா" என்று கேட்டு வாங்கிப் போனாள். மறுநாள் அவள் கடை வாசலில் இட்லி மாவுக்கு வரிசை நின்றது. அதைப் பார்த்து வளையல் கடைக்காரர் போணி பண்ணித்தர ஒரு தடவை கேட்டார். அந்தக் கை தொட்டு எடுத்த முதல் டஜனுக்குப் பிறகு அவருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமில்லை. அப்புறம் டீக்கடை, அப்புறம் ஆட்டோ ஸ்டாண்டு, அப்புறம் புது மோட்டார் ஓட்டிப் பார்க்கிறவன், விதை நெல் வாங்குகிறவன், பெண் பார்க்கப் போகிறவன் என்று, கருணாம்பாளின் கைக்கு ராசி இருக்கிறது என்று வீதியே முடிவு கட்டிவிட்டது. கை ஐந்து விரலால் நடந்தும் போகும், தூக்கிக்கொண்டு போனாலும் போகும். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனது. டீக்கடைச் சுவரில் எந்தக் கிழமை எந்தக் கடைக்கு என்று கரியால் எழுதியே வைத்துவிட்டார்கள். அதற்குக் குங்குமம் வைத்தார்கள், உதிர்ந்தது; சந்தனம் பூசினார்கள், வழுக்கியது; சரி, எண்ணெயாவது நிற்கும் என்று போகிற இடத்திலெல்லாம் நல்லெண்ணெய் தடவி அனுப்பினார்கள், அது மட்டும் மெல்லிசாகப் படிந்து நின்றது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டீக்கடைச் சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். நடு வீதியில் நின்று, "என் பொண்டாட்டி கையை எவன்டா போணிக்கு எடுத்துட்டுப் போனது? கேட்க ஆளில்லைன்னு நெனச்சீங்களா?" என்று கத்தினேன். துளசிமணி மாவுக் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"உங்ககிட்ட இருந்து கழண்டு வந்த கைதானுங்களே" என்றாள். "எங்ககிட்ட வந்து ஒரு விரலாவது கழண்டுச்சா? சொல்லுங்க."

எந்தப் பேச்சிலும் கடைசி வார்த்தையை விட்டுக்கொடுக்காத நான் கடைக்குள் போய்ப் பசை டப்பாக்களைத் துடைக்க ஆரம்பித்தேன்.

கருணாம்பாள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடப் பழகிக்கொண்டாள்; நான் ஊட்டிவிடுகிறேன் என்று தட்டை எடுத்தபோது தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பேசினாள், சிரித்தாள், மழை வருகிற மாதிரி இருக்கிறது என்றாள், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் இடது கையை முந்தானைக்குள் சுற்றிக்கொள்வாள். ஒரு நாள் படி இறங்கும்போது தாங்கலாக அந்தக் கையைப் பிடிக்கப் போனேன். சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க" என்றாள். "இந்தக் கை ஒண்ணுதானுங்க பாக்கி."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சில்லறை இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். அன்றைக்குத்தான் எனக்கு அந்த வலது கை ஒட்டியே ஆக வேண்டும் என்று புரிந்தது. அது ஒட்டாத வரைக்கும் இந்த ஜென்மத்தில் அவள் என்னை இடது கையைத் தொட விடப் போவதில்லை.

கையும் தூரமாகிக்கொண்டிருந்தது. முதல் வாரமெல்லாம் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வந்து அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அவள் இடது கையால் அதன் விரல்களை நீவிவிடுவாள். பிறகு விளக்கு வைத்த பிறகு வர ஆரம்பித்தது. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. ஒருமுறை மாவுக்கடை வாசலில் இருந்த அதைக் கருணாம்பாள், "வாடா சாமி, வீட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டாள். அது விரலைத் தூக்கி, யார் பெயரையோ யாரோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோலக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, திரும்பவும் மாவுக்குள் இறங்கிவிட்டது. கருணாம்பாள் அங்கேயே நின்றாள். நான் வீதிக்கு இந்தப் பக்கம் நின்றேன். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு ஒரே விஷயத்தைத்தான் பார்த்தோம்.

உக்கடத்தில் மீன்தொட்டி செய்கிற இஸ்மத் பாயிடம் போகச் சொன்னது ஆறுச்சாமிதான், வெங்காயக்காரன். நான் விலை குறைத்துக் கேட்டவன் என்பதையெல்லாம் அவன் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. பாயின் கடையில் கண்ணாடிக்குள் கண்ணாடியாக நூறு தொட்டி, தொட்டிக்குத் தொட்டி மீன், கடை முழுக்கப் பசையின் புளித்த காடி வாசம். கருணாம்பாளின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார், நான் துணியில் சுற்றிக் கொண்டு போயிருந்த கையையும் பார்த்தார். அது அவருக்கும் போணி பண்ண விரல் நீட்டியது.

"தன் இனத்தைத் தவிர வேற எதையும் சேத்துக்காத சரக்குங்ணா இது" என்றார். "சிலிகானுக்கு சிலிகான்தான் ஒட்டும். தொட்டிக்கு நாங்க வைக்கிற பசை அதுதான், இதா, இந்தக் குழாய். ஆனா ரெண்டு சங்கதி. முதல்ல, இந்த எண்ணெயெல்லாம் போகோணும், ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, பிசுக்கு இல்லாம. அடுத்து, வச்சா வச்சதுதான். இது காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சுக் குடிச்சு மெல்லத்தான் இறுகும். ஒரு நாள் பூரா யாரும் தொடக் கூடாது, அசைக்கக் கூடாது. இருபத்திநாலு மணி நேரம்."

"ஆறு" என்றேன்.

"என்னங்ணா?"

"ஆறு மணி நேரத்துல முடிச்சுக் குடுங்க. ரொக்கமாத் தர்றேன்."

"இது நான் தர்ற நேரம் இல்லீங்ணா. பசை கேக்கற நேரம்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க பாய். சரி, எட்டு."

அவர் தொட்டிகளைப் பார்த்தார், மீன்களைப் பார்த்தார். நான் எழுந்து வாசலுக்கு நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அடியில் பின்னாலிருந்து பெருமூச்சு கேட்டது. "பதிமூணு வச்சுக்குங்க. உங்க இஷ்டம்" என்றார் பாய். பேரம் படிந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். இந்த உலகத்தில் பேரத்துக்குச் சம்மதம் சொல்லாத சரக்கு ஒன்று உண்டு என்பது அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து எண்ணெயைத் துடைத்து, பசை வைத்து, மரச்சட்டத்துக்குள் அவள் கையை நீட்டி வைத்து, பதின்மூன்று மணி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே தொட்டால் காய்ந்திருந்தது. கருணாம்பாள் தூக்கத்தில் சுவரோடு சாய்ந்திருந்தாள். ஒட்டியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்; அதை வைத்துத்தான் இத்தனை வருசம் பிழைத்தேன். லேசாகத்தான் இழுத்தேன். வெளியே காய்ந்து உள்ளே இளகியிருந்த பசை, பாகு பதம் பார்க்கும்போது வருகிற கம்பிபோல வெள்ளையாக நீண்டு, நீண்டு, அறுந்தது. கை என் கையில் இருந்தது. கருணாம்பாள் கண்ணைத் திறந்தாள். முதலில் என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள், பிறகு இடது கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

இஸ்மத் பாய் வீட்டுக்கே வந்தார். வெட்டு முகத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். "மூடிட்டு வருதுங்ணா" என்றார். "ரெண்டு பக்கமும் ஓரத்துல இருந்து தோல் கட்டிட்டு வருது, பாருங்க. முழுசா மூடிட்டா அப்புறம் இது தனிக் கை, அது தனி ஆள். இன்னொருக்கா மெல்லிசா சீவிட்டு வைக்கலாம். அதுக்கு மேல சீவ இடமில்லை. ஒரே தடவைதான்." வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து சொன்னார்: "அவசரம் உங்களுக்குங்ணா. பசைக்கு இல்லை."

அன்றைக்குச் சாயங்காலம் நான் வீதியில் வீடு வீடாகப் போனேன். திட்டவில்லை. எல்லோரிடமும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டேன். ரங்குசாமி புரியாமல் இரண்டு தடவை கேட்டான். "கட்டிப் போடோணும்னா... உன்னையா?"

"என்னைத்தான்டா. ஒரு நாள் பூரா. நான் என்ன சொன்னாலும் அவுக்கக் கூடாது."

"இதை நாங்க ரொம்ப நாளா யோசிச்சுட்டு இருந்தோமுங்க, கேக்கத்தான் கூச்சம்" என்றாள் துளசிமணி.

மறுநாள் காலையில் கையை ஊரெல்லாம் தேடிப் பிடித்து வந்து, ஸ்பிரிட்டில் நாலு தடவை துடைத்து, ரங்குசாமியின் பட்டறைப் பலகைமேல் வைத்தோம். சீவுவது யார் என்று பாயும் ரங்குசாமியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கை தானாகப் பிளேடை எடுத்தது. கருணாம்பாள் மொட்டைக் கையை அதன் முன்னால் நீட்டினாள். இருபத்திரண்டு வருசமாக எத்தனையோ லட்சம் கேஸ்கட்டுகளுக்குச் செய்ததை அது தன் எஜமானியின் மணிக்கட்டுக்குச் செய்தது. பழைய பசையும் கட்டிக்கொண்டு வந்த தோலும் ஒரே வளையமாக, வெள்ளை நூல்போல, அறுபடாமல் விழுந்தது. பிறகு பிளேடைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி மல்லாந்து படுத்துக்கொண்டது. கருணாம்பாள் இடது கையால் பிளேடை எடுத்தாள். இடது கைக்குப் பழக்கமில்லாத வேலை. மெல்ல மெல்ல, நாக்கைக் கடித்துக்கொண்டு, அதன் முகத்தை அவள் சீவினாள். வீதியில் ஒரு லேத்தும் ஓடவில்லை.

பாய் பசை வைத்தார். இரண்டு முகத்தையும் சேர்த்தார். என்னை ரங்குசாமி தன் பட்டறையின் பெரிய லேத்தோடு சேர்த்து, மோட்டார் பெல்ட்டால் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கைக்குமாகச் சுற்றிக் கட்டினான். எதிரில், நாலடி தூரத்தில், கருணாம்பாள் நாற்காலியில் மரச்சட்டத்துக்குள் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். காற்றில் ஈரம் வேண்டும் என்று துளசிமணி சுற்றிலும் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டாள். காடி வாசம் ஏறிக்கொண்டே வந்தது.

ஆறு மணி நேரம் சும்மா இருந்தேன். அப்புறம் ஆரம்பித்தேன். "போதும்டா ரங்கா, நல்லா இறுகியிருக்கும், ஒரு தடவை தொட்டுட்டு வந்துர்றேன்" என்றேன். அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். எட்டாவது மணியில் மிரட்டினேன், பத்தாவது மணியில் அவன் அப்பா வரைக்கும் இழுத்துத் திட்டினேன், பன்னிரண்டாவது மணியில் இரண்டு பெட்டி பசை சும்மா தருகிறேன் என்றேன். துளசிமணி இட்லி ஊட்டி, வாயைத் துடைத்து, "கத்துங்க, கத்தினா வாயில இருந்து ஈரம் வரும், பசைக்கு நல்லது" என்றாள். பதினைந்தாவது மணியில் கெஞ்சினேன். வாழ்நாளில் எந்தச் சந்தையிலும் எவனும் என்னிடம் கொஞ்சமாவது இறங்கி வராமல் இருந்ததில்லை. அன்றைக்கு ஒரு வீதியே ஒரு நிமிஷம் கூட இறங்கி வரவில்லை. பதினெட்டாவது மணியில் என்னிடம் சொல்ல ஒன்றுமில்லாமல் போய்விட்டது. கருணாம்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து இவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்ததில்லை. அவளுடைய வலது புருவத்தின் மேல் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

இருபத்திநாலு மணி நேரம் ஆனதும் பாய் சட்டத்தைக் கழற்றினார். என்னை அவிழ்த்துவிட்டார்கள். வீதி முழுக்கப் பட்டறைக்குள் நின்றது. கருணாம்பாள் கையைத் தூக்கினாள். கை கூடவே வந்தது. விரலை அசைக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சுண்டுவிரல் அசைந்தது. ஆனால் அது அவள் சொல்லி அசைந்ததா தானாக அசைந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. அவளைக் கேட்டதற்கு அவளும், "தெரியலீங்க" என்றாள்.

"இழுத்துப் பாருங்க!" என்றான் கூட்டத்தில் ஒருவன். உடனே எல்லோரும் என் கடைப் பலகையைப் படிக்கிற மாதிரி, "இழுத்துப் பாருங்க, இழுத்துப் பாருங்க!" என்று கத்தினார்கள். பாயும், "பிடிச்ச மாதிரித்தான் இருக்குது. ஆனா ஒரு தடவை இழுத்துப் பாக்காம நான் உறுதி சொல்ல மாட்டேங்ணா" என்றார்.

நான் கையை நீட்டினேன். பெல்ட் தடம் பதிந்த என் கை அவள் மணிக்கட்டுக்கு ஒரு சாண் தூரம் வரைக்கும் போனது. அதற்கு மேல் போகவில்லை. போகச் சொன்னேன், போகவில்லை. அது என் கைதானா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேறு ஒருவன் இழுக்க முன்வந்தான். கருணாம்பாள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். கூட்டம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு லேத்துகளுக்குப் போனது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வெங்காயம் வாங்கப் போனோம். வாசல் தாண்டும்போது அவள் நின்றாள். நான் இடது பக்கம் போய் நிற்பதா வலது பக்கம் போய் நிற்பதா என்று தெரியாமல் பின்னால் நின்றேன். அவள் வலது கையைப் பின்னுக்கு நீட்டினாள்.

"பிடிச்சுக்குங்க" என்றாள்.

பிடித்தேன். பிடித்தேன் என்று சொல்லக் கூடாது, கோழிக் குஞ்சை ஏந்துகிற மாதிரி கீழே என் கையை வைத்துக்கொண்டேன். சூடாக இருந்தது. மணிக்கட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு, அதன் மேல் ஆறு வளையல். அவள் ஒரு அடி வைத்தால் நான் ஒரு அடி வைத்தேன். அவள் மெல்ல நடந்தால் மெல்ல நடந்தேன். வீதியில் இருந்தவர்கள் பார்த்தார்கள், யாரோ கொக்கரித்துச் சிரித்தார்கள். யாரென்று திரும்பிப் பார்த்துத் திட்ட என்னால் முடியவில்லை, திரும்பினால் கை இழுபடும்.

ஆறுச்சாமி எங்களைப் பார்த்ததும் தராசை எடுத்தான். "கிலோ எம்பதுங்க" என்றான். அன்றைக்கு அறுபது சொன்னவன்.

எண்பதா? எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. வாய் திறந்தது. கால் தானாக, இத்தனை வருசப் பழக்கத்தில், முதலடி வைக்கத் திரும்பியது.

கருணாம்பாள் வண்டியோரமே நின்றாள். என் கைக்குள் அவள் கை இருந்தது. அரையடி நகர்ந்த காலைத் திரும்பப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தேன்.

"ரெண்டு கிலோ போடுங்க" என்றாள் அவள்.

ஆறுச்சாமி போட்டான். மேலே ஒரு கைப்பிடி கொசுறும் போட்டான், நான் கேட்காமலேயே. அவள் பையை இடது கையில் வாங்கிக்கொண்டு, வீதி முனையில் நின்ற கத்தரிக்காய் வண்டியைப் பார்த்தாள். அந்த வண்டிக்காரன் அநியாய விலை சொல்கிறவன், எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அவள் அந்தப் பக்கம் நடந்தாள். நானும் நடந்தேன்.